நாயோடு பொழுதைச் சந்தோசமாகப் போக்குவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் சொல்லுங்கள்

கல்லடிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது தன் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். பெயர் டிங்கு. ஊர்நாய்தான். மண்ணிறம், ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். தடுப்பூசி போட்டாயிற்று, சாப்பாட்டுக்கும் குறையில்லை. ஆனால் நாள் முழுக்க அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. தம்பி இருந்தபோது அவன் கிரிக்கெட் விளையாடப் போகிற இடமெல்லாம் பின்னால் ஓடித் திரிந்த நாய். இப்போது படலைக்குள்ளேயே கிடந்து, அம்மா வைத்த குறோட்டன் செடிகளின் அடியைத் தோண்டுகிறது. பக்கத்து வீட்டு அன்ரியின் செருப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அவரும் பாவம், சிரித்துக்கொண்டுதான் வந்து கேட்கிறார், ஆனால் எத்தனை நாளைக்குச் சிரிப்பார்?

நான் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஐந்து மணியாகும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஏலாது. இணையத்தில் தேடினால் நாய்ப் பூங்கா, நாய்களுக்கென்று கஃபே, நீச்சல் தொட்டி, பனியில் விளையாட்டு என்று வருகிறது. நமக்குப் பனி எங்கே? வாடைக்காற்று அடித்தால் அம்மா போர்வையைத் தேடுவார், அவ்வளவுதான்.

கேள்வி இதுதான். நம்ம பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் அன்றாடம் அதோடு என்ன செய்கிறீர்கள்? பழக்குவதைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கும் எனக்கும் சேர்த்துக் கொஞ்சம் சிரிப்பு வேண்டும். செலவில்லாமல் இருந்தால் நல்லது. இன்னொன்று, பின்னேரத்தில் பொம்பிளைப் பிள்ளை தனியே நாயோடு கடற்கரையில் நடந்தால் ஆராவது ஏதாவது சொல்லாமல் விடுவதில்லை. எனக்குப் பரவாயில்லை. அம்மாவின் காதுக்குப் போனால்தான் கதை நீளும்.

நாவற்குடா இடியப்பம்:

தங்கச்சி, நான் வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவள். சாமத்தில் எழும்பினால்தான் விடியக் கடைக்குக் கொடுக்கலாம். அந்த நேரம் மனுசன் குறட்டை விட்டுக்கொண்டு கிடப்பார், பிள்ளைகள் அசையமாட்டார்கள். அடுப்படியில் எனக்குத் துணை எங்கள் மணியன்தான். அவனும் ஊர்நாய். அதனால் நான் சொல்வதெல்லாம் மணியனிடம் பார்த்தது, புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

நாய்க்கென்று தனியாக நேரம் ஒதுக்கி விளையாடப் பார்த்தால் உங்களுக்குச் சீக்கிரம் அலுத்துப்போகும். வேலை முடிந்து களைத்து வருகிற ஆள் நீங்கள். எப்படியும் செய்யப்போகிற வேலைக்குள் அதையும் இழுத்துவிடுங்கள். மணியனுக்கு அடுப்படி வாசல்படிதான் எல்லை, அதற்கு இங்கால் கால் வைக்கமாட்டான். நான் தட்டிலிருந்து இடியப்பத்தைக் கழற்றி அடுக்கும்போது பிய்ந்துபோகிறது எல்லாம் அவனுக்கு. சும்மா போடமாட்டேன், மேலே எறிவேன். அந்தரத்தில் பிடிப்பான். சில நாள் இடியப்பம் நூல் நூலாகப் பிரிந்து மூக்கில் மீசை மாதிரித் தொங்கும். அதைப் பார்த்துச் சிரிக்காமல் எனக்கு விடிவதில்லை. சம்பலும் சொதியும் தொட்டது கொடுப்பதில்லை, வெறும் இடியப்பம்தான்.

பிறகு கடைக்காரரின் ஆட்டோ வரும். எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ ஆட்டோ போகும், எல்லாவற்றுக்கும் குரைப்பான். இந்த ஒரு ஆட்டோவின் சத்தம் கேட்டால் மட்டும் குரைக்காமல் எழும்பிப் படலையடிக்கு எனக்கு முன்னே நடப்பான், பெரிய முதலாளி கணக்குப் பார்க்கப் போகிறவர் போல. சந்திக் கடைக்குப் போகும்போது பன்புல் பையை அவன் வாயில் கொடுத்துவிடுவேன். கவ்விக்கொண்டு தலையை நிமிர்த்தி நடப்பான். வரும்போது பையை நான்தான் சுமப்பேன். உள்ளே பாண் இருந்தால் அவனிடம் கொடுத்தது வீடு வந்து சேராது.

டிங்கு தோண்டுகிறது என்றீர்கள். தோண்டட்டும். கல்லடியில் மண்ணுக்கா பஞ்சம்? வளவின் ஒரு மூலையில், மரநிழலில், மணலைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி அதற்குள் ஒரு பழஞ்செருப்பு, ஒரு தேங்காய்மட்டை, அவித்த சூரைமீன் துண்டு ஒன்று என்று புதைத்துவையுங்கள். குறோட்டன் பக்கம் போனால் ஏசாமல் இந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இங்கே தோண்டினால் மீன் கிடைக்கும், அங்கே தோண்டினால் வேர்தான் கிடைக்கும் என்று அதற்கே விளங்கும். குறோட்டனுக்கு ஒரு சின்ன வேலியும் போட்டுவிடுங்கள், நாயை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அடுத்தது தேங்காய்ச் சிரட்டை விளையாட்டு. இது உங்கள் அம்மாவுக்கென்றே செய்தது மாதிரி, கதிரையில் இருந்தபடியே விளையாடலாம். மூன்று சிரட்டையைக் கவிழ்த்துவைத்து ஒன்றுக்குள் மீன்துண்டு. எது என்று அது மணந்து கண்டுபிடிக்கவேண்டும். கைவந்துவிட்டால் வளவு முழுக்க ஒளித்துவையுங்கள், கிணற்றுக்கட்டுக்குப் பின்னால், விறகுக்குக் கீழே, தென்னோலைக்கு அடியில். நாயின் மூக்கில் மணம் பிடிக்கிற கலங்கள் 20 கோடி முதல் 30 கோடி வரை இருக்குமாம், நமக்கு 50, 60 இலட்சம்தான். மூக்கை வைத்துத் தேடுவது அதற்குப் பெரிய வேலை. மணியன் அரைமணி நேரம் தேடினால், கடற்கரையில் ஓடிவிட்டு வந்ததைவிட நல்லாகக் களைத்துப்போய்ப் படுப்பான்.

அதனால்தான் நடக்கப் போனால் நாயை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள் என்று சொல்வேன். ஒரு மின்கம்பத்தை அஞ்சு நிமிசம் மணக்கிறதா, விடுங்கள். அது பேப்பர் வாசிக்கிறது. ஒழுங்கை முடிய முன்னமே திரும்பி வந்தாலும் பரவாயில்லை.

கடற்கரைக்குப் பின்னேரம் போகாமல் விடியப் போய்ப் பாருங்கள். நம்ம கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிறது, அந்த நேரம் மணல் குளிர்ந்து கிடக்கும். நடக்க வருகிறவர்களில் பாதிப்பேர் சீனி வருத்தக்காரர், அவர்களுக்குத் தங்கள் நடையைத் தவிர வேறு கவலை இல்லை. கதை காவுகிற ஆக்கள் அந்த நேரம் எழும்புவதில்லை. கரைவலை இழுக்கிற நாளென்றால் டிங்குவுக்குத் திருவிழா. மணியன் வலைக்கயிற்றைப் பிடித்து இழுக்கப் பார்ப்பான், வலைக்காரர் அவனுக்கும் ஒரு பங்கு போடவேண்டும் என்று பகிடி பண்ணுவார்கள். ஆனால் வலை கரைக்கு வந்ததும் கயிற்றைச் சுருக்கிப் பிடிக்கவேண்டும். கழித்துப் போட்ட மீனுக்குள் பேத்தை கிடக்கும். அது நஞ்சு, நாய் தின்றால் தப்பாது. தூண்டில்முள்ளும் மணலுக்குள் கிடக்கும், பார்த்து நடங்கள்.

இன்னொன்று, நாங்கள் இருப்பது முஸ்லிம் ஆக்கள் இருக்கிற காத்தான்குடிக்குக் கிட்ட. தொழுகைக்குப் போகிறவர் மேல் நாயின் எச்சில் பட்டால் அவர் திரும்பக் கழுவிவிட்டுத்தான் போகவேண்டும். ஆட்களைக் கண்டால் நான் மணியனை ஒதுக்கி என் மறுபக்கம் வைத்துக்கொள்வேன். என்னிடம் இடியப்பம் வாங்குகிற முஸ்லிம் காக்கா (அண்ணன்) ஒருவர் றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன மணியன், சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். இவனும் வாலை ஆட்டுவான். அந்தத் தூரத்திலேயே இரண்டு பேரும் கூட்டாளிகள்.

பாலமீன்மடு பொடியன்:

அக்கா, ஸ்கூட்டி இருக்கா? இருந்தால் வேறொன்றும் வேண்டாம். என்னுடைய ரொக்கி முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஏறி நிற்கும். பார் வீதியால் மெல்லமாக ஓட்டிக்கொண்டு வெளிச்சவீட்டடிக்கு வருவோம். 1913இல் கட்டின வெளிச்சவீடு. ரொக்கிக்கு அதன் வரலாறு வேண்டாம், அங்கே வருகிறவர்கள் போடுகிற கச்சான் (நிலக்கடலை) கோதுதான் வேண்டும். காற்றில் காது இரண்டும் பின்னால் பறக்க அது நிற்கிற நிலையைப் பார்த்தால் உலகத்துக் கவலை எல்லாம் போய்விடும்.

பின்னேரம் தூண்டில் போடும்போதும் பக்கத்தில் இருக்கும். மிதவை அசைந்தால் எனக்கு முன்னம் அது எழும்பும். மீன் விழாவிட்டால் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அம்மா பரீட்சை முடிவைப் பார்த்த மாதிரி இருக்கும். போன பூரணைக்கு வாவியில் பாடுமீனின் சத்தம் கேட்கலாம் என்று கூட்டாளியின் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குப் போனோம். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். ரொக்கிக்குக் கேட்டிருக்கலாம், தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தது. எனக்குக் கேட்கவில்லை.

வெயில் என்றால் வாவிக்குள் இறக்கிவிடுவேன், நீந்தும். மட்டையை எறிந்தால் கொண்டுவரும். சூப்பராக இருக்கும்.

மருந்துப்பெட்டி:

கால்நடை வைத்திய அலுவலகம் ஒன்றில் நீண்டகாலம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். இடியப்ப அக்கா சொன்னதில் எனக்குத் திருத்த ஒன்றுமில்லை. தம்பி பொடியனோடுதான் கொஞ்சம் சண்டை.

வாவிக்குள் நாயை இறக்காதே தம்பி. நம்ம வாவியில் முதலை இருக்கிறது, உனக்கும் தெரியும். தண்ணீரில் தத்தளித்து நீந்துகிற நாயைவிட அதற்கு லேசான இரை கிடையாது, அதிலும் மம்மல் பொழுதில். மட்டை எறிகிற ஆசை இருந்தால் அலை ஓய்ந்த நாளில் கடற்கரையில், முழங்கால் தண்ணீரில் எறி. கல்குடாப் பக்கம் அதற்கு நல்ல இடம் இருக்கிறது. பாசிக்குடாவிலும் தண்ணீர் ஆழமில்லை, ஆனால் வார இறுதியில் சனம் நிறைந்துவிடும், நாயோடு போக ஏற்ற இடமில்லை. குடிக்க நல்ல தண்ணீர் கொண்டுபோ. தாகத்தில் உப்புத்தண்ணீரைக் குடித்தால் அன்றிரவு முழுக்கச் சத்தியும் வயிற்றோட்டமும்தான்.

ஸ்கூட்டிக் கதையும் எனக்குப் பிடிக்கவில்லை. நம்ம றோட்டில் கட்டாக்காலி மாடு எந்த வளைவில் படுத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நீ பிறேக் பிடிப்பாய், ரொக்கி எதைப் பிடிக்கும்? கல்லடிக்காரித் தங்கச்சி தயவுசெய்து இதைப் பார்த்துப் பழகவேண்டாம்.

வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. அதன் சாதாரண உடல்வெப்பமே 38 பாகை செல்சியசுக்கு மேல், 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் காலை பத்து மணிக்குப் பிறகு தார் றோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் கொஞ்ச நேரம் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. அந்தக் காலத்தில் மத்தியான விளையாட்டுக்கு வத்தகப்பழம் (தர்ப்பூசணி) இருக்கிறது. விதையை எடுத்துவிட்டுத் துண்டுகளாக உறையவைத்து, ஒரு பேசின் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். மூக்கால் தள்ளி, காலால் தட்டி, கடைசியில் பேசினையே கவிழ்த்து, நாய்க்கு நல்ல பொழுதுபோக்கு.

பந்து வாங்கினால் நீலமோ மஞ்சளோ வாங்குங்கள். கடையில் எல்லாரும் சிவப்பைத்தான் எடுக்கிறார்கள். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. புல்லுக்குள் சிவப்புப் பந்து விழுந்தால் அது மூக்கால்தான் தேடவேண்டும். நாய் முட்டாள் என்று அதன்மேல் பழியைப் போடுவோம்.

தீன் விசயத்தில் ஒன்று. மிச்சக்கறியைச் சோற்றோடு பிசைந்து வைப்பது நம்ம ஊர்ப் பழக்கம். கறி என்றால் வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் இல்லை. இரண்டும் நாயின் செங்குருதிக் கலங்களைக் கெடுக்கும். ஒருநாளில் தெரியாது, நாளடைவில் தெரியும். மீனோ கோழியோ கறிக்கு முன்னம் அவித்து எடுத்து வையுங்கள், அவித்த கோழி எலும்பு வேண்டாம், அது சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். முந்திரிகைப்பழம் (திராட்சை), பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), சொக்லேற் மூன்றும் கூடாது. பிறந்தநாள் கேக்கில் "ஒரு துண்டுதானே" என்று கொடுக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அவர்களைக் கவனியுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி வருசாவருசம் போடவேண்டியது. அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, திகதியை எழுதிவையுங்கள்.

தம்பிலுவில் வயல்காரன்:

நம்ம கறுப்பனுக்குப் பந்து, பேசின் ஒன்றும் தெரியாது. லாண்ட்மாஸ்டர் (கை உழவு மெசின்) ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டால் பெட்டிக்குள் பாய்ந்து ஏறிவிடும். வயலில் இறங்கினால் வரம்பு வரம்பாக எலி தேடும். பிடிப்பது குறைவு, ஓடுவதுதான் கூட. பின்னேரம் வாடியில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கும்போது சேறு காய்ந்த உடம்போடு வந்து எங்கள் நடுவில்தான் உதறும். அதற்கென்றே வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

வயலுக்கு நாய் கொண்டுபோகிறவர்கள் இரண்டு விசயம் கவனியுங்கள். எலிக்காய்ச்சல் நமக்கு வருவதுபோல நாய்க்கும் வரும், அதற்கும் தடுப்பூசி இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கழுவி, காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். மற்றது யானை. யானை வருகிற பக்கம் நாயை அவிழ்த்து விடாதீர்கள். வீரமாகக் குரைத்துக்கொண்டு போகும், யானை திரும்பினால் நேரே நம்மிடம்தான் ஓடிவரும், பின்னால் யானையையும் கூட்டிக்கொண்டு.

பாணமைப் பக்கக் கடற்கரைக்குப் போனால் இரவில் நாயைக் கட்டியே வையுங்கள். ஆமை முட்டையிடுகிற கரை அது, தோண்டிவிடும்.

கல்லடிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. மருந்துப்பெட்டி ஐயா, ஸ்கூட்டியில் ஏற்றமாட்டேன், பயப்படவேண்டாம். இன்றைக்குச் சிரட்டை விளையாட்டு நடந்தது. டிங்கு மணந்து பார்க்கவேயில்லை. மூன்றையும் ஒரே தட்டாகத் தட்டிப் புரட்டிவிட்டு மீனைத் தின்றுவிட்டது. "கள்ளன்" என்று சொல்லிச் சொல்லி அம்மா சிரித்தார். அப்புறம் அவராகவே எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பூச்சாடிக்குப் பின்னால் ஒரு துண்டை ஒளித்துவைத்தார். வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தான். அவன் குரல் கேட்டதும் டிங்கு போனுக்குப் பின்னால் போய்த் தேடுகிறது.

இன்னொரு கேள்வி. கார்த்திகை, மார்கழி மழையில் எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நின்றுவிடும். வளவுக்குள்ளும் இறங்க முடியாது. அப்போது என்ன செய்வது?

நாவற்குடா இடியப்பம்:

மழைக்காலத்துக்குப் பழைய சாரம்தான் மருந்து. இவருடைய சாரத்தில் ஒன்றைக் கிழித்து இறுக்கிப் பின்னி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு நுனியை மணியன் பிடிப்பான், மறு நுனியைச் சின்னவன் பிடிப்பான். விறாந்தையில் இழுவை நடக்கும். சில நேரம் மணியனை வெல்லவிடவேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு விளையாட்டில் விருப்பம் போய்விடும். தென்னங்கயிறு வேண்டாம், கடித்துக் கடித்துத் தும்பை விழுங்கிவிடும். மழைக்கு ஆட்டோ வராத நாளில் இடியப்பம் மிஞ்சும். முடிச்சுகளுக்குள் அதைச் செருகிவைத்தால் அவிழ்த்துத் தின்ன ஒரு மத்தியானம் போதாது.

பொருட்களுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கவும் அதுதான் நேரம். "செருப்பு", "பை", "பந்து" என்று ஒவ்வொன்றாக. கொண்டுவந்து கையில் தந்தால் ஒரு துண்டு மீன். டிங்குவுக்குத் தூக்கிக்கொண்டு வருகிற கெட்டித்தனம் ஏற்கனவே இருக்கிறது, திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிறதைத்தான் பழக்கவேண்டும். அன்ரி அதைக் கண்டால் செருப்பை வேணுமென்றே வெளியே விடுவார்.

இடி முழங்கினால் பயப்படும். கட்டிலுக்குக் கீழே போனால் இழுத்து எடுக்காதீர்கள், ஒரு சாக்கை விரித்துவிட்டு நீங்களும் பக்கத்தில் தரையில் இருங்கள். தீபாவளி வெடிக்கும் அதேதான், படலையைப் பூட்டிவையுங்கள், அன்றைக்குத்தான் கனக்க நாய்கள் ஓடித் தொலைகின்றன. நனைந்தால் காதுக்குள்ளும் துடைத்துவிடவேண்டும், முக்கியமாக அந்த மடிந்த காதுக்குள்.

இன்பொக்சில் இடியப்பம் கேட்டிருந்தீர்கள். கல்லடிக்குத் தரலாம், ஆனால் முதல்நாள் பின்னேரமே சொல்லிவிடுங்கள். சிவப்பா வெள்ளையா என்றும் சொல்லவேண்டும்.